சின்ன அமெரிக்க ஊர் ஒன்றின் நிலத்தையும் வரலாற்றையும் தேடிப் படிப்பது எப்படி: கான்சஸின் நிக்கோடிமஸை முன்வைத்து

அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியில், விரல்விட்டு எண்ணும் அளவே ஆட்கள் மிஞ்சிய ஊர்கள் ஏராளம். அப்படி ஓர் ஊரைப் பற்றி இணையத்தில் தேடினால் எந்த மாநிலம், எந்தக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), எத்தனை பேர், எப்போது தொடங்கியது என்று நான்கு வரி கிடைக்கும். ஆனால் அந்த நாட்டில், குறிப்பாக ஓஹையோவுக்கு மேற்கே, அரசு நிலத்தை யாருக்கும் கொடுப்பதற்கு முன்பே அளந்து எண் போட்டு வைத்துவிட்டது. அதனால் எவ்வளவு சிறிய ஊராக இருந்தாலும் அதன் பின்னால் காகிதங்கள் உண்டு. எந்த வரிசையில் அவற்றைப் பிரிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் நிலமும் தண்ணீரும், பிறகு அளவை, பட்டா, தபால், ரயில், அதன்பின் மக்கள் கணக்கு, கடைசியாகச் செய்தித்தாளும் வாய்மொழியும். கதையைக் கேட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தால் கதைக்கு ஏற்றபடிதான் கண் பார்க்கும்.

இங்கே எடுத்துக்காட்டு நிக்கோடிமஸ். கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டியில், சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடக்கே இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் 1877இல் குடியேறிய ஊர். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 14 பேர். வேறு ஊரை எடுத்துக்கொண்டாலும் வேலை இதேதான்.

முதலில் இடத்தைப் பிடியுங்கள்

ஒரே பெயரில் பல மாநிலங்களில் ஊர்கள் இருக்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் இடப்பெயர்த் தரவுத்தளத்தில் பெயரை இட்டு, மாநிலம், கவுண்டி, அட்சரேகை, தீர்க்கரேகை நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். நிக்கோடிமஸ் சுமார் 39.39 பாகை வடக்கு, 99.62 பாகை மேற்கு. இந்த இரண்டு எண்களும் கடைசி வரை தேவைப்படும்.

அடுத்து, அந்த ஊர் சட்டப்படி நகராட்சியாகப் பதிவானதா என்று பாருங்கள். நிக்கோடிமஸ் பதிவாகாத ஊர். அப்படிப்பட்ட ஊருக்கு நகர்மன்றத் தீர்மானமோ நகராட்சி வரிப் பதிவேடோ இருக்காது. பழைய கணக்கெடுப்பு அறிக்கைகளில் பல முறை தனி எண்ணிக்கையும் இருக்காது. தேடவேண்டியதெல்லாம் கவுண்டி அளவிலும், அதற்குக் கீழுள்ள டவுன்ஷிப் என்ற பிரிவின் அளவிலும்தான் கிடைக்கும். இது தெரியாமல் "நகர ஆவணங்கள்" தேடி வாரக்கணக்கில் காலத்தைத் தொலைப்பவர்கள் உண்டு.

கவுண்டியின் வயதையும் பாருங்கள். கிரஹாம் கவுண்டிக்கு எல்லை வகுத்தது 1867இல்; நிர்வாகம் அமைந்ததோ 1880இல். ஊர் அதற்கு மூன்று ஆண்டு மூத்தது. ஆகவே முதல் மூன்று ஆண்டுகளின் பத்திரங்கள் கிரஹாமில் இல்லையென்றால் தொலைந்துவிட்டன என்று முடிவுகட்ட வேண்டாம். பக்கத்துக் கவுண்டிகளில் தேடுங்கள். தலைமையிடம் மாறியதா என்பதும் முக்கியம். இங்கே மில்புரூக் என்ற ஊர் தலைமையிடமாக இருந்தது. 1887இல் சூறாவளி அதைச் சிதைத்தது. 1888இல் ஹில் சிட்டி தலைமையிடமானது. இப்போது பதிவேடுகள் ஹில் சிட்டியில்.

நிலமும் தண்ணீரும்

புவியியல் ஆய்வுத்துறை தன் பழைய நிலவரைபடங்கள் அனைத்தையும் 'டோப்போவியூ' தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஊரின் இருப்பிடத்தைச் சொடுக்கினால் அந்த இடத்துக்கு வெளியான வரைபடங்கள் ஆண்டு வரிசையில் வரும். கிடைப்பதில் மிகப் பழையது ஒன்று, 1:24,000 அளவில் உள்ளது ஒன்று, இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். 1:24,000 என்றால் தாளில் ஓர் அங்குலம் தரையில் 2,000 அடி. சமஉயரக் கோடுகளின் இடைவெளி எத்தனை அடி என்பதைக் கீழ் ஓரத்தில் படித்துவிட்டே தொடங்குங்கள். சமவெளித் தாள்களில் அது பெரும்பாலும் 10 அடியாக இருக்கும். மலைப்பகுதித் தாளைப் பார்த்துப் பழகிய கண் இங்கே ஒரு மேட்டை மலையாக்கிவிடும்.

தாளில் ஐந்தை மட்டும் வண்ணமிடுங்கள்: ஆறும் ஓடைகளும், ஊற்றுகள், கல்லறைகள், பள்ளிகள், கைவிட்ட சாலைகள். பழைய தாளில் இருந்து புதியதில் இல்லாத பள்ளியும் கல்லறையும் பெரும்பாலும் கலைந்துபோன குடியிருப்பின் அடையாளம்.

நிக்கோடிமஸ் தாளில் முதலில் பார்க்க வேண்டியது, ஊருக்கும் 100ஆவது தீர்க்கரேகைக்கும் உள்ள தூரம். கணக்கிட்டால் ஏறத்தாழ 20 மைல்தான். அந்தக் கோட்டை ஒட்டி ஆண்டு மழை சுமார் 20 அங்குலம். அதற்கு மேற்கே பாசனமில்லாத வேளாண்மை நிச்சயமில்லை என்று புவியியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கைக்கு முந்தைய ஆண்டில்தான் இங்கே குடியேறினார்கள். ஆக, இந்த ஊரின் விளைச்சல் கதை எதைப் படித்தாலும், நல்ல மழை ஆண்டா வறண்ட ஆண்டா என்று முதலில் கேட்க வேண்டும்.

மழை குறைந்தால் மரம் இல்லை. மரம் இல்லையென்றால் பலகை வீடு இல்லை. அதனால் முதல் வீடுகள் மண்ணுக்குள். சரிவில் குடைந்து, முன்பக்கத்தைப் புல்மண் கட்டிகளால் அல்லது கல்லால் அடைத்து, மேலே ஓர் உத்தரமும் கிளைகளும் போட்டு, வைக்கோலும் மண்ணும் பரப்பிய குழி வீடுகள். 1878இல் கென்டக்கியிலிருந்து வந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று கேட்டபோது கணவர் தரையிலிருந்து எழும் புகையைக் காட்டினார். அதைக் கண்டு அழுததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சமஉயரக் கோடுகளைப் பார்த்தால் அந்தப் புகை எங்கிருந்து எழுந்திருக்கும் என்று ஊகிக்கலாம்: சமதரையில் குழி தோண்டினால் மழைநீர் நிரம்பும், ஆகவே சரிவுகளில்தான். பிறகு எழுந்த நிலையான கட்டடங்கள் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கட்டியவை. கட்டடப் பொருளைப் பார்த்தே அது எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மண்ணுக்கு, வேளாண் துறையின் இணையவழி மண் ஆய்வு வரைபடம் போதும். ஊரைச் சுற்றி ஒரு சதுரம் வரைந்து 'ஆர்வப் பகுதி'யாகக் குறித்தால் எந்த மண் எத்தனை ஏக்கர் என்று பட்டியல் தரும். ஆற்றோர வண்டல் எங்கே, மேட்டு வண்டல்களி எங்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் வந்தவர்கள் எதைப் பிடித்தார்கள், பின்னால் வந்தவர்களுக்கு என்ன மிஞ்சியது என்பது பட்டா தேடும்போது விளங்கும்.

சதுரங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். இதில் தெளிவு இல்லாவிட்டால் மற்ற ஆவணம் எதுவும் கைக்கு வராது.

ஒரு டவுன்ஷிப் என்பது 6 மைலுக்கு 6 மைல் சதுரம். அதற்குள் 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் 1இல் தொடங்கி மேற்கே 6 வரை போகும். அதன் நேர்கீழே 7. அங்கிருந்து கிழக்கே திரும்பி 12 வரை. ஏர் ஓட்டுகிறவர் வரப்பில் மாட்டைத் திருப்புவது போலவே ஒவ்வொரு வரிசையும் திரும்பி, 36 தென்கிழக்கு மூலையில் முடியும். செக்‌ஷனில் கால்பங்கு 160 ஏக்கர். அதில் மறுபடி கால்பங்கு 40 ஏக்கர்.

டவுன்ஷிப் எண் அடிக்கோட்டிலிருந்து வடக்கு தெற்காகவும், ரேஞ்ச் எண் முதன்மைத் தீர்க்கரேகையிலிருந்து கிழக்கு மேற்காகவும் எண்ணப்படும். கான்சஸுக்கு அடிக்கோடு 40 பாகை, அதாவது நெப்ராஸ்காவோடு உள்ள எல்லை. முதன்மைக் கோடு ஆறாவது முதன்மைத் தீர்க்கரேகை, ஏறத்தாழ 97.37 பாகை மேற்கு. இனி கணக்கு:

தெற்கு நோக்கி: 40 − 39.39 = 0.61 பாகை. ஒரு பாகை சுமார் 69 மைல். 42 மைல். ஆறால் வகுத்தால் 7.

மேற்கு நோக்கி: 99.62 − 97.37 = 2.25 பாகை. இந்த அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 53.4 மைல். 120 மைல். ஆறால் வகுத்தால் 20.

இரண்டும் முழு எண்ணில் வந்து விழுகின்றன. அப்படியென்றால் ஊர் டவுன்ஷிப் எல்லைக்கு மிக அருகில் என்று பொருள்: 7 தெற்கும் 8 தெற்கும் சேரும் இடம், 20ஆம் ரேஞ்ச் முடிந்து 21 தொடங்கும் இடம். இது தோராயக் கணக்குத்தான். ஆகவே ஒரே ஒரு தாளை எடுத்துவிட்டு ஊரில் பட்டாவே இல்லை என்று எழுதிவிடாமல், சுற்றியுள்ள நான்கு டவுன்ஷிப்களையும் எடுங்கள். எல்லை ஊர்களில் நடக்கும் பெரும்பாலான தவறு இதுதான்.

இன்னொரு குழப்பம்: 'டவுன்ஷிப்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று இந்த அளவைச் சதுரம். மற்றொன்று கவுண்டிக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு. அதற்கு எண் கிடையாது, பெயர் உண்டு, எல்லையும் அளவைச் சதுரத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. பட்டாவில் வருவது முதலாவது. மக்கள் கணக்கில் வருவது இரண்டாவது.

நில விவரத்தை எப்போதும் கடைசியிலிருந்து படியுங்கள். "தென்கிழக்குக் கால், செக்‌ஷன் 12, டவுன்ஷிப் 8 தெற்கு, ரேஞ்ச் 21 மேற்கு" என்றிருந்தால், முதலில் ரேஞ்ச், பிறகு டவுன்ஷிப், அதற்குள் 12, அதன் தென்கிழக்கு மூலை. பூமி உருண்டையாக இருப்பதாலும் சங்கிலி பிடித்து அளந்ததாலும் வரும் பிசகுகளை ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் வடக்கு, மேற்கு ஓரச் செக்‌ஷன்களில் தள்ளிவிடுவார்கள். அதனால் 1 முதல் 6 வரையும் 7, 18, 19, 30, 31இலும் 160 ஏக்கருக்குப் பதில் உதிரி அளவு வரும்; 'லாட்' என்று எண் போட்டிருப்பார்கள். அது எழுத்துப் பிழை இல்லை. சாலை நேராகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று சில நூறு அடி பக்கவாட்டில் ஒடிந்து மறுபடி நேராவதும் இந்தத் திருத்தத்தால்தான்.

பழைய அளவைத் தாள்களில் தூரம் சங்கிலிக் கணக்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, 100 லிங்க். 80 சங்கிலி ஒரு மைல். அளவையாளரின் களக்குறிப்பு கிடைத்தால் விடாதீர்கள்: ஓடையின் அகலம் எத்தனை லிங்க், மண் எந்தத் தரம், மரம் உண்டா என்று குடியேற்றத்துக்கு முந்தைய நிலத்தை மைல் மைலாக எழுதிவைத்த பதிவு அது.

ஒரு தாளில் 6 அங்குலச் சதுரம் வரைந்து 36 கட்டமாகப் பிரியுங்கள். அங்குலத்துக்கு ஒரு மைல். ஒரு டவுன்ஷிப் ஏ4 தாளில் அடங்கிவிடும். நான்கு தாள்களையும் ஒட்டி வைத்துக்கொண்டால் இனி வரும் எல்லாவற்றையும் அதில் குறிக்கலாம். கணினி வரைபடத்தை விட இது கைக்கு உதவும். எந்தக் கட்டம் இன்னும் காலி என்பது ஒரே பார்வையில் தெரியும்.

பட்டாக்கள்

நில மேலாண்மைத் துறையின் பொது நில அலுவலகப் பதிவுகள் தளத்தில் மாநிலம், டவுன்ஷிப், ரேஞ்ச், மெரிடியன் (முதன்மைத் தீர்க்கரேகை) இட்டுத் தேடுங்கள். ஆள் பெயரை இட வேண்டாம். பெயர் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும், நிலத்தின் எண் மாறாது. வருகிற பட்டியலில் பெயர், ஏக்கர், தேதி, எந்தச் சட்டத்தின் கீழ் என்ற நான்கையும் உங்கள் கட்டத் தாளில் ஏற்றுங்கள்.

சட்டத்தின் பெயரே பாதிக் கதை சொல்லும். 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 160 ஏக்கர் வரை; கட்டணம் மொத்தம் சுமார் 18 டாலர்; ஐந்து ஆண்டு குடியிருந்து பயிரிட்டு நிரூபிக்க வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் ஆறு மாதத்துக்குப் பின் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம். அது பணம் கட்டிய பதிவாக நிற்கும். 1873 மரவளர்ப்புச் சட்டத்தில் மரம் நட்டால் 160 ஏக்கர். முதலில் 40 ஏக்கரில் நடவேண்டும் என்றிருந்ததை 1878இல் 10 ஏக்கராகக் குறைத்தார்கள்.

பட்டாத் தேதியைக் குடியேறிய தேதியாக எடுத்துக்கொள்வது மிகப் பரவலான பிழை. 1885 என்று பட்டா இருந்தால் அந்தக் குடும்பம் 1880க்கு முன்பே அங்கே இருந்திருக்கலாம். இன்னொன்று: இந்தத் தளத்தில் வெற்றி பெற்றவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். வறட்சியில் கைவிட்டுப் போனவர்கள், எதிர்வழக்கில் இழந்தவர்கள் பட்டாவில் வரமாட்டார்கள். அவர்களைக் காண நிலப் பதிவேட்டுப் புத்தகங்களுக்குப் போக வேண்டும். படமெடுத்த பக்கங்கள் இணையத்தில் உண்டு, பெயர் அட்டவணை முழுமையாக இல்லாததால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அந்த உழைப்பைச் செய்தால்தான் ஊரின் முழு முகம் தெரியும்.

ஒரு குடும்பத்தை ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து நிலக் கோப்பை வரவழையுங்கள். நில அலுவலகத்தின் பெயர், சான்றிதழ் எண், நில விவரம் மூன்றும் வேண்டும். மூன்றும் பட்டாப் பிரதியில் இருக்கும். அந்தப் பகுதிக்கு அருகே கிர்வினிலும் வாக்கீனியிலும் நில அலுவலகங்கள் இருந்தன. கோப்பில் வீட்டின் நீள அகலம், எத்தனை ஏக்கர் உழுதது, கிணறு, வேலி எல்லாம் சாட்சிகளின் வாக்குமூலமாக இருக்கும். விண்ணப்பதாரர் நான்கு சாட்சிகளின் பெயர் கொடுப்பார். இரண்டு பேர் சொல்வார்கள். அந்தச் சாட்சிகள் பெரும்பாலும் பக்கத்து நிலக்காரர்கள். பட்டியலிட்டுக் கோடு இழுத்தால் யார் யாரோடு சேர்ந்து வந்தார்கள் என்பது தெரியத் தொடங்கும்.

ஊர்மனைக்கு வழி வேறு. நிக்கோடிமஸை 1877இல் ஓர் ஊர்க் கம்பெனி திட்டமிட்டது. கறுப்பினப் போதகர் டபிள்யூ. ஹெச். ஸ்மித் தலைவர், வெள்ளையரான நில வியாபாரி டபிள்யூ. ஆர். ஹில் கூட்டாளி. ஹில் சிட்டி என்ற பெயர் அந்த ஹில்லிடமிருந்து வந்ததே. அப்படி வகுத்த மனைகள் தனித்தனியாகப் பட்டாவில் வராது. கவுண்டிப் பத்திரப் பதிவாளரிடம் உள்ள ஊர்மனை வரைபடத்திலும் கைமாறிய பத்திரங்களிலும்தான் வரும்.

தபால் நிலையம்

பலரும் தாண்டிப் போகும் இடம் இது. தபால் நிலையம் திறந்த நாள், மூடிய நாள் இரண்டும் ஓர் ஊரின் உயிர்நாடி. நிக்கோடிமஸில் 1877இல் திறந்து 1953இல் மூடினார்கள். பிளெட்சர் குடும்பம் தபாலையும் செயின்ட் பிரான்சிஸ் விடுதியையும் சேர்த்து நடத்தியது.

தேதியோடு நிற்காமல் 'தபால் நிலைய இருப்பிட அறிக்கை'களைத் தேடுங்கள். 1837 முதல் 1950 வரை தபால் துறை அஞ்சல் தலைவர்களிடம் கேட்டு வாங்கிய படிவங்கள், தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அருகிலுள்ள ஆறு எத்தனை மைல், ரயில் எத்தனை மைல், பக்கத்துத் தபால் நிலையம் எந்தத் திசையில், எத்தனை பேருக்குத் தபால் போகிறது என்று கேள்விகள். பல படிவங்களில் கையால் வரைந்த வரைபடம் இருக்கும். ஊர் அழியத் தொடங்கியதை அந்தந்தக் காலத்து உள்ளூர்க்காரர் கையெழுத்திலேயே படிக்கலாம்.

ரயில் எங்கே போனது

சமவெளி ஊர்களின் தலையெழுத்து பெரும்பாலும் இங்கேதான் தீர்ந்தது. உங்கள் கட்டத் தாளில் தண்டவாளத்தை வரையுங்கள். இல்லாமல்போன தடமானால் பழைய நிலவரைபடத்திலிருந்து.

நிக்கோடிமஸுக்கு முதல் ரயில் முனை தெற்கே இருந்த எல்லிஸ். நேர்கோட்டில் 31 மைல். 1877 செப்டம்பரில் வந்த சுமார் 300 பேரின் பெருங்குழு அங்கே இறங்கி மீதித் தூரத்தைத் தரைவழியே கடந்தது. அந்தத் தூரத்தை மாட்டு வண்டியில் போட்டுப் பாருங்கள்: போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஒரு மூட்டை மாவுக்கும் ஒரு ஜன்னல் கண்ணாடிக்கும் அந்தக் கூலி ஏறும். விளைந்த தானியத்தின் விலையிலிருந்து அதே கூலி கழியும். ரயில் வராவிட்டால் வணிகம் நிலைக்காது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1887 மார்ச்சில் மிசூரி பசிபிக் ரயிலை வரவழைக்க 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு டவுன்ஷிப் மக்கள் வாக்களித்தார்கள். அந்த ரயில் வரவில்லை. யூனியன் பசிபிக் வந்தது, ஆனால் ஆற்றின் தென்கரையில். 1888இல் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஆற்றைக் கடந்து ரயில் முகாமுக்குப் போனார்கள். அந்த முகாம்தான் போக் என்ற ஊர்.

போக் எவ்வளவு தூரம்? 6 மைல் என்றும் எழுதுகிறார்கள். வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் 4 மைலுக்குச் சற்று அதிகம், தென்மேற்கில். சாலை வழியும் நேர்கோடும் கலந்துபோனால் இப்படி எண்கள் மாறும். எந்தத் தூரத்தையும் நீங்களே அளந்து, எப்படி அளந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். எப்படி அளந்தாலும் ஓர் ஊரைக் கவிழ்க்க அந்தச் சில மைல்களும் நடுவே ஓர் ஆறும் போதுமாக இருந்தன என்பது மனதை அறுக்கிறது.

வேறு ஊர்களுக்கு ஒரு குறிப்பு: தெருக்கள் திசைகாட்டிக்கு நேராக இல்லாமல் சாய்ந்திருந்தால், தண்டவாளத்துக்கு இணையாக அமைந்ததா என்று பாருங்கள். அப்படியானால் அந்த ஊரை ரயில் கம்பெனி வகுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

மக்கள் கணக்கு

கூட்டரசுக் கணக்கெடுப்பின் ஆள்வாரிப் பக்கங்கள் 72 ஆண்டுக்குப் பின்தான் வெளியாகும். இப்போது 1950 வரை பார்க்கலாம். 1890 பக்கங்களில் பெரும்பகுதி 1921 தீவிபத்தோடு போயிற்று. நிக்கோடிமஸுக்கு அந்த இழப்பு கடுமையானது. ரயில் கைவிட்ட பின் யார் இருந்தார்கள் என்று காட்டும் கணக்கு அது. நல்லவேளை, கான்சஸ் மாநிலம் ஐந்தில் முடியும் ஆண்டுகளில் தானே கணக்கெடுத்தது. 1885, 1895, 1905, 1915, 1925 பதிவுகள் அந்தப் பள்ளத்தை நிரப்பும். 1885 படிவத்தில் எந்த மாநிலத்திலிருந்து கான்சஸுக்கு வந்தார் என்ற பத்தியும் உண்டு. குடியேற்றத்தின் பாதையை அதைவிட நேராகச் சொல்லும் ஆவணம் கிடையாது.

பெயரால் தேடாதீர்கள். நிக்கோடிமஸ் டவுன்ஷிப்பின் பக்கங்களைத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரை படியுங்கள். ஊர் சிறியது, ஒரு மாலை போதும். வீட்டு வரிசைப்படி எழுதியிருப்பதால் பக்கத்துப் பக்கத்து வரி பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து வீடு. 1880 வேளாண் அட்டவணையையும் சேர்த்தெடுங்கள்: திருத்திய ஏக்கர், குதிரை, மாடு, சோளம் எத்தனை புஷல் என்று ஒவ்வொரு பண்ணைக்கும் இருக்கும்.

பின்னோக்கிப் போகும்போது 1870இல் ஒரு சுவர் வரும். அடிமைகளாக இருந்தவர்களைப் பெயரோடு எழுதிய முதல் கூட்டரசுக் கணக்கு அதுவே. 1850, 1860 அடிமை அட்டவணைகளில் உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும். ஆளுக்கு ஒரு வரி, பெயர் இல்லாத வரி. சுவரைத் தாண்ட, குடும்பங்கள் புறப்பட்ட இடத்துக்குப் போங்கள். நிக்கோடிமஸுக்கு அது கென்டக்கியின் லெக்சிங்டனும் ஜார்ஜ்டவுனும். விடுதலை பெற்றவர்களுக்கான வங்கிக்கு லெக்சிங்டனில் கிளை இருந்தது. அதன் கணக்குப் பதிவேட்டில் பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்கள் எழுதியிருப்பது உண்டு. 1860 அட்டவணையில் 34 வயது ஆண் என்ற வரியைப் பார்த்து, 1870இல் 44 வயதுள்ள ஒருவரோடு உடனே இணைத்துவிடாதீர்கள். வயதெல்லாம் தோராயமாக எழுதியவை. இன்னொரு ஆவணம் கைகொடுக்காதவரை பென்சிலில் இருக்கட்டும்.

செய்தித்தாளும் வாய்மொழியும்

1880களில் இந்தச் சின்ன ஊரில் இரண்டு வாரப் பத்திரிகைகள் இருந்தன: வெஸ்டர்ன் சைக்ளோன், நிக்கோடிமஸ் எண்டர்பிரைஸ். காங்கிரஸ் நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் தேடுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் இட்டால் பைபிளின் நிக்கொதேமுவைப் பற்றிய பிரசங்கங்கள் நாடு முழுவதிலிருந்தும் கொட்டும். மாநிலத்தையும் ஆண்டையும் முதலில் கட்டுப்படுத்துங்கள். குறுகிய பத்திகளில் பெயர் வரி முடிவில் உடையும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி நிரல் அதைக் கோட்டைவிடும். பத்திரிகை கிடைத்துவிட்டால் தேடுபெட்டியை மறந்து இதழ் இதழாகப் படிப்பதே நல்லது. விளம்பரங்கள்தான் பொக்கிஷம்: என்ன கடை, யார் நடத்தியது, எந்த இதழோடு அந்த விளம்பரம் நின்றது. தலையங்கத்தை எச்சரிக்கையாகப் படியுங்கள். ஊரை வளர்க்கவே பத்திரிகை. அதன் பக்கங்களில் ரயில் எப்போதும் வந்துகொண்டே இருக்கும்.

வழக்கமான பிழைகள் சில. 1879இல் தென்மாநிலங்களிலிருந்து திரளாகக் கிளம்பிய கறுப்பின மக்களை 'எக்ஸோடஸ்டர்கள்' என்பார்கள். நிக்கோடிமஸைத் தொடங்கியவர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டவர்கள். கறுப்பினக் குடியேற்றங்களை முன்னின்று நடத்திய பெஞ்சமின் 'பாப்' சிங்கிள்டன் இந்த ஊரை நிறுவினார் என்றும் காணலாம். அவருடைய குடியேற்றங்கள் வேறு, டன்லப் அவற்றில் ஒன்று. ஊர்ப் பெயருக்கு இரண்டு விளக்கம்: பைபிள் பாத்திரம் ஒன்று, ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட நிக்கோடிமஸ் பற்றிய மரபுக்கதையும், அதையொட்டி 1864இல் வந்த பாட்டும் இன்னொன்று. இந்த மாதிரி இடத்தில் ஊரைத் தொடங்கியவர்களே அன்று அச்சிட்டது எதுவோ அதற்கு முதல் மதிப்புக் கொடுங்கள்.

முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் பூர்வகுடி வேட்டைக்காரர்கள் உணவு பகிர்ந்தார்கள் என்பது வழிவழியாக வரும் நினைவு. இத்தகைய செய்தியை ஒதுக்கவும் வேண்டாம், பட்டாவைப் போல எழுதவும் வேண்டாம். "சந்ததியினர் சொல்வது" என்று குறித்து எழுதுங்கள். அந்த நிலம் அதற்கு முன் எந்த மக்களுடையது, எந்த ஒப்பந்தத்தில் கைமாறியது என்பதற்கு, சார்லஸ் ராய்ஸ் தொகுத்து 1899இல் வெளியான நில ஒப்படைப்பு வரைபடங்களில் எண்ணைப் பார்த்து அட்டவணையில் தேடலாம்.

எட்வர்ட் மெக்கேப் பெயரைத் தவறவிடாதீர்கள். 1878இல் இங்கே வந்தவர், 1882இல் கான்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்வானார். மாநில அளவிலான பதவி என்பதால் அவரைப் பற்றிய பதிவுகள் தலைநகர் டொபீகாவில் மிகுதி. அவர் வழியே ஊருக்குள் திரும்பி வரலாம்.

நேரில் போனால்

முதலில் ஹில் சிட்டி. பத்திரப் பதிவாளர் அலுவலகத்தில் பெயர் அட்டவணையைக் கேட்காமல், நிலவாரி அட்டவணையைக் கேளுங்கள்: ஒரு கால் செக்‌ஷனுக்கு நடந்த எல்லாப் பரிமாற்றமும் ஒரே பக்கத்தில் வரும். அடமானப் பதிவுகளைக் கட்டாயம் பாருங்கள். விற்பனையைவிட அடமானமே வறட்சி ஆண்டுகளைத் துல்லியமாகக் காட்டும். சின்னக் கவுண்டி அலுவலகங்களில் ஒருவரோ இருவரோதான் வேலை பார்ப்பார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, நில விவரத்தை எழுதிக்கொண்டு போனால் அரை நாள் மிச்சம்.

பிறகு 24ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே நிக்கோடிமஸ். 1996 நவம்பரிலிருந்து இது தேசிய வரலாற்றுத் தலம். ஐந்து கட்டடங்கள்: செயின்ட் பிரான்சிஸ் விடுதி, ஏ.எம்.ஈ. (ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோபல்) தேவாலயம், முதல் பாப்டிஸ்ட் தேவாலயம், முதலாம் எண் பள்ளி, டவுன்ஷிப் மண்டபம். பார்வையாளர் மையமாக இருந்துவரும் மண்டபம் 1939இல் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் கட்டியது. சுவர்களை அருகில் போய்ப் பாருங்கள்: பழைய கட்டடங்களில் மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே சுண்ணாம்புக்கல் தெரியலாம். பூச்சு பிந்தையது, பூச்சைப் பார்த்துக் கட்டடத்தின் வயதைச் சொல்லிவிடாதீர்கள். குழி வீட்டுத் தடங்கள் தனியார் நிலத்தில் இருக்கக்கூடும். உரிமையாளர் அனுமதியில்லாமல் வேலி தாண்டுவது குற்றம்.

முடிந்தால் ஜூலைக் கடைசியில் போங்கள். ஆகஸ்ட் 1ஐ ஒட்டி வந்த விடுதலைக் கொண்டாட்டம் ஊர் தொடங்கிய காலத்திலிருந்து நடக்கிறது. சந்ததியினர் பல மாநிலங்களிலிருந்து திரும்பி வருவார்கள். அந்தத் தேதி 1834இல் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை முடிந்த நாள். அமெரிக்க விடுதலை நாளாக எழுதிவிட வேண்டாம். குறிப்பேட்டை விரிப்பதற்கு முன் அவர்களுடைய நாளைக் கொண்டாட விடுங்கள். ஒலிப்பதிவுக்கு அனுமதி கேளுங்கள். கேள்விப் பட்டியலோடு போவதைவிட, 1885 கணக்குப் பக்கத்தின் அச்சுப் பிரதியையும் உங்கள் நான்கு கட்டத் தாள்களையும் மேசையில் விரித்து வைத்தால் பேச்சு தானாக வரும். எந்தக் கட்டம் யாருடையது என்று அவர்களே விரல் வைப்பார்கள். புறப்படும்போது அந்தத் தாள்களின் பிரதி ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.